ஹீப்ரு படிக்கும்போது மனம் சொல்லை வேராகப் பிரிக்கிறதா?

ஆமாம், பிரிக்கிறது. ஹீப்ருவில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலான வேரும், அதனூடே நுழையும் ஒரு வாய்பாடும் (உயிரொலிகளும் சில சமயம் கூடுதல் மெய்களும் அமையும் அச்சு) சேர்ந்தவை. ஸ-ப-ர என்ற மெய்களைப் பாருங்கள்: ‘ஸேஃபர்’ புத்தகம், ‘மிஸ்பார்’ எண், ‘ஸபார்’ முடிதிருத்துபவர்.

உளவியலாளர் ராம் ஃபிராஸ்டும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லைக் கண்ணில் பதியாத வேகத்தில் காட்டிவிட்டு, அதே வேருள்ள இன்னொன்றைக் காட்டினார்கள். இரண்டாவதை வாசகர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள், பொருளில் தொடர்பே இல்லாதபோதும்! என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்: பொருள் எட்டுவதற்கு முன்பே வேர் பிடிபட்டுவிடுகிறது.

அப்புறம், ஆங்கிலத்தில் நடு எழுத்துகள் இடம் மாறினாலும் ஓரளவு படித்துவிடலாம். ஹீப்ருவில் வேரெழுத்துகள் இடம் மாறினால் அது வேறொரு வேராகிவிடலாம். 2007இல் வெளியான ஆய்வில் வாசகர்கள் அங்கே வெகுவாகத் தடுமாறினார்கள்.