ஏற்காட்டில் பழகி, லீட்ஸில் காய்ச்சுங்கள்

கேள்வி: ஏற்காடு எனக்குச் சொந்த ஊர், பணி நிமித்தம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். டப்பாவில் வரும் மால்ட் சாற்றைக் கரைத்து இருமுறை பீர் தயாரித்திருக்கிறேன். அடுத்ததாக, தானியத்திலிருந்தே தொடங்கி 20 லிட்டர் பேல் ஏல் (வெளிர் மால்ட்டில் காய்ச்சும் பீர் வகை) காய்ச்ச விரும்புகிறேன். ஐந்து வகை மால்ட், மூன்று வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) என்று ஒரு செய்முறையும் எழுதி வைத்துள்ளேன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, ஏற்காட்டுக் குளிரில், சேலம் லீ பஜாரில் விற்கும் பார்லியைக் கொண்டே முதலில் செய்து பார்க்கலாமா?

பதில்: ஏற்காட்டில் காய்ச்ச வேண்டாம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, சொந்த உபயோகத்திற்கே ஆனாலும், குற்றமாகும். அன்றைய சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி போல) இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று. பிரிட்டனிலோ, வீட்டு உபயோகத்திற்குக் காய்ச்சுவதற்கான உரிமத்தை 1963இலேயே நீக்கிவிட்டார்கள், விற்கத்தான் கூடாது. ஆகவே பீரை லீட்ஸில் காய்ச்சுங்கள். ஆனால் அதற்கு வேண்டிய கைப்பழக்கத்தில் முக்கியமான பகுதியை, ஒரு சொட்டு மதுவும் இல்லாமல், ஏற்காட்டு வீட்டுச் சமையலறையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

லீ பஜாரில் கிடைப்பது பார்லி அரிசி. உமி நீக்கித் தீட்டிய அந்த மணி முளைக்காது. முளைக்காத தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் போதிய அளவில் உருவாகியிருக்காது. கஞ்சிக்கு நல்லது, பீருக்கு உதவாது. பார்லியை முளைக்கவிட்டு, குருத்து நீளும் முன்பே இளஞ்சூட்டில் உலர்த்தி எடுப்பதுதான் மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவதும் இதே வேலைதான்.

எனவே ஏற்காட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கேழ்வரகு மாவைக் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சி இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை காத்திருங்கள். ஒன்றில் மட்டும், முளைகட்டி வறுக்காமல் நிழலில் உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவை ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறுங்கள். சில நிமிடங்களில் அந்தக் கூழ் மோர் போல நீர்த்துவிடும். சூடு குறையாமல் அரை மணி நேரம் வைத்திருந்தால் நாக்கில் இனிப்பும் தெரியும். மற்றது கெட்டியாகவே நிற்கும். வறுத்த மாவைச் சேர்த்தால் எதுவும் நடக்காது, ஏனெனில் வறுக்கும் சூட்டில் நொதிகள் அழிந்துவிடுகின்றன. பேல் ஏல் காய்ச்சுபவர் மாஷ் என்று சொல்வது இந்தக் கூழைத்தான், பார்லி மால்ட்டில், பெரிய அளவில்.

கூடவே உங்கள் வெப்பமானியையும் சோதித்துவிடுங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதைக் கருவியின் பிழை என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. உருகும் பனிக்கட்டி எந்த ஊரிலும் சுழியைக் காட்ட வேண்டும். நான் ஸ்காட்லாந்தில் பணிபுரிந்த காலத்தில், எட்டு டிகிரி குறைத்துக் காட்டிய வெப்பமானியை நம்பி முதல் மாஷை 74 டிகிரியில் வைத்துவிட்டேன். நொதித்தல் பாதியில் நின்று, பாயசம் போன்ற பீர் 40 பாட்டில் கிடைத்தது. யாரும் இரண்டாவது குவளை கேட்கவில்லை.

இனி லீட்ஸ். ஐந்து மால்ட் செய்முறையை ஒதுக்கி வையுங்கள். பிழை நேர்ந்தால் எதனால் என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. பேல் மால்ட் 4.5 கிலோ, நிறமும் இனிப்பும் கூட்டும் கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற வகை ஹாப்ஸ் 90 கிராம், உலர் ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போதும். மால்ட்டை நொறுக்கியே வாங்குங்கள். தானியத்திலுள்ள சர்க்கரையில் 65 முதல் 70 சதவீதம் உங்கள் கைக்கு வந்தால், 20 லிட்டரில் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தி) 1.046 முதல் 1.050 வரை நிற்கும். அது நொதித்து 1.011 அளவுக்கு இறங்கினால் ஏறக்குறைய 4.8 சதவீத ஆல்கஹால் இருக்கும்.

தனித்தனிப் பாத்திரங்கள் வேண்டாம். 40 லிட்டர் பாத்திரத்துக்குள் மெல்லிய வலைப்பை ஒன்றை விரித்துக் காய்ச்சும் முறையே தொடக்கத்திற்கு ஏற்றது. தானியம் சுமார் நான்கு லிட்டரை உறிஞ்சும், ஒரு மணி நேரக் கொதிப்பில் மூன்று, நான்கு லிட்டர் ஆவியாகும், அடியில் வண்டல் தங்கும் என்பதால் 29 லிட்டர் தண்ணீரில் தொடங்குங்கள். குழாய் நீரிலுள்ள குளோரின், மால்ட்டின் சேர்மங்களோடு கூடி மருந்து வாடையைத் தரும். கேம்டன் மாத்திரை ஒன்றில் பாதியைப் பொடித்துப் போட்டால் அது நீங்கிவிடும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரின் ஜிப்சம் மிகுந்த நீர்தான் பேல் ஏலின் கசப்பைக் கூர்மையாக்கியது என்றாலும், உப்புகளைக் கூட்டிக் குறைப்பதை மூன்றாவது, நான்காவது முறைக்கு விட்டுவிடலாம்.

தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, மால்ட்டைக் கட்டி தட்டாமல் கிளறிச் சேர்த்தால் சூடு 66 டிகிரியில் வந்து நிற்கும். இந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது: சற்றுக் குறைந்தால் முழுதும் நொதிக்கக்கூடிய சர்க்கரை மிகுந்து பீர் வறண்டு நிற்கும், 70ஐ நெருங்கினால் நொதிக்காத மாவுச்சர்க்கரை மிகுந்து கனமாகும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு சொட்டு அயோடின் சேருங்கள். கருநீலம் தோன்றினால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பையைத் தூக்கி நன்றாக வடியவிட்டு, சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். கொதி வந்ததும் 40 கிராம் ஹாப்ஸ், கடைசிக் கால் மணி நேரத்தில் 20 கிராம், அடுப்பை அணைத்ததும் எஞ்சிய 30 கிராம்: முன்னது கசப்புக்கு, பின்னது மணத்துக்கு. அதன்பின் சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். செப்புக் குழாய்ச் சுருளைச் சாற்றுக்குள் இறக்கிக் குளிர்நீரை ஓடவிட்டு 18 டிகிரிக்குக் கொண்டு வந்த பிறகே ஈஸ்ட் தூவுங்கள்.

முதல் மூன்று நாட்கள் 18 முதல் 20 டிகிரிக்குள் வைத்திருங்கள். நொதித்தல் தானே சூட்டை உண்டாக்குவதால் அறை 20 டிகிரியில் இருந்தால் உள்ளே அதைவிட இரண்டு, மூன்று டிகிரி ஏறியிருக்கும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவதே எளிய வழி. இரண்டு வாரம் கழித்து ஒப்படர்த்தியை மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். மாறிக்கொண்டிருக்கும்போது அடைத்தால் பாட்டில் வெடிக்கும். நுரைக்கு மொத்தம் 115 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்தால் போதும். அடைத்த பாட்டில்களை இரண்டு வாரம் அறை வெப்பத்திலேயே வைத்திருந்து, முதல் பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய நாள் மட்டும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.