வேலியோர அவரைக்கு எந்தக் கம்பு?

கேள்வி: எங்கள் கொல்லை வேலி 30 அடி நீளம். மூங்கில் நட்டு அவரை ஏற்றியிருந்தேன். கார்த்திகை மழையில் கம்புகள் அடி இற்றுப்போய், கொடியோடு சாய்ந்துவிட்டன. வரும் ஆடிக்கு இரும்புக் குழாய் நடலாமா? அதிலேயே புடலையும் விடலாமா?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பூ எடுக்கிற நேரத்தில் கொடி சேற்றில் கிடந்தால் மனசு ஆறாது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையும் களிமண்தான். ஆடியில் போட்ட அவரை பனி இறங்கும்போதுதான் பூக்கும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகிவிடும், கொடியும் கனத்துவிடும். ஆகவே மண்ணைப் பிடித்து நிற்கிற கம்பு வேண்டும்.

என் மாமியார் வேலிக்குப் பூவரசம் போத்தும் (நட்டால் வேர் விடுகிற கிளைத் துண்டு) கிளுவைப் போத்தும்தான் நடுவார். வேர் விட்டுவிட்டால் அவை இற்றுப்போகாது. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை உயிர்க்காலாக வளர்க்கிறார்களே, அதே யோசனைதான். நான் சீக்கிரம் வளரட்டும் என்று முருங்கைப் போத்து நட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒன்று விடாமல் முறிந்தது. முருங்கை வேண்டவே வேண்டாம்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஒரு போத்து, ஒரு மூங்கில் என்று மாற்றி மாற்றி நடுங்கள். இரண்டடி ஆழமாவது இறங்க வேண்டும். மூங்கிலின் அடியில் தார் பூசிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் போத்துக்கு வேர் போதாது, மூங்கில்தான் தாங்கும். மூங்கில் இற்றுப்போவதற்குள் போத்து ஊன்றிவிடும். பூவரசு தழைத்து நிழல் கட்டினால் அவரை காய்க்காது. புரட்டாசியிலேயே கிளையைக் கழித்துவிடுங்கள், ஆட்டுக்கும் ஆகும்.

குழாய் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, தேங்காய்க் கயிற்றை அதில் சுற்றிவிடுங்கள். அவரைத் தண்டு கம்பைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும், வழவழப்பில் சறுக்கிவிடும். வேலியில் பாகலும் ஏற்றுவதானால், அது அப்படியில்லை. அது மெல்லிய சுருளால் பற்றுவது, பருத்த கம்பு அதற்கு எட்டாது. கம்புகளுக்கு நடுவே மிலாறு, அதாவது மெல்லிய சுள்ளிக் கிளைகள், செருகுங்கள், அல்லது நைலான் வலை கட்டுங்கள்.

புடலை மட்டும் வேலியில் வேண்டாம். காய் கம்பில் இடித்துக் கோணிக்கொள்ளும். கிணற்றடியில் ஆள் உயரத்துக்குப் பந்தல் போட்டு ஏற்றி, பிஞ்சின் நுனியில் சின்னக் கல் கட்டிவிடுங்கள். காய் நேராக இறங்கும்.