சர்க்கஸ் என்றால் சிரிக்க மட்டும்தானா?

கேள்வி: போர், இனப்படுகொலை என்று செத்துப்போனவர்களின் கதையை வைத்தெல்லாம் இப்போது சர்க்கஸ் போடுகிறார்களாமே! குட்டிக்கரணம் அடித்துக் காட்ட வேறு விஷயமே கிடைக்கவில்லையா?

பதில்: சர்க்கஸுக்குள் போர் நேற்றுப் புகுந்ததாக நினைக்கிறீர்கள். 1768இல் லண்டனில் குதிரை வித்தை காட்டி நவீன சர்க்கஸைத் தொடங்கிவைத்த பிலிப் ஆஸ்ட்லியே குதிரைப்படையில் போர் கண்டு வந்தவர்தான். அவர் காலத்துக்குப் பிறகு, 1824இல், அவர் பெயர் தாங்கிய அரங்கில், நெப்போலியனை பிரிட்டனும் கூட்டாளிகளும் தோற்கடித்த வாட்டர்லூ போரையே குதிரைகளை ஓடவிட்டு நடத்திக் காட்டினார்கள். நூறு இரவுகளுக்கு மேல் ஓடியது. ஆக, ஜெயித்தவன் கதை என்றால் சர்க்கஸில் போர் வரலாம். செத்தவன் கதை என்றால்தான் ஆகாது. உங்கள் கணக்கு இதுதானே?

கம்போடியாவைப் பாருங்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பட்டினி, நோய், கொலை என்று சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். கலைஞர்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை. ஆட்டக்காரர் போனால் அவர் ஆட்டத்தோடு, அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் போச்சு. தாய்லாந்து எல்லையில் அகதி முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள் 9 பேர் நாடு திரும்பி, 1994இல் பட்டம்பாங் நகரில் 'ஃபார் பொன்லூ செல்பாக்' என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார்கள். சர்க்கஸ் வகுப்பு பிறகு சேர்ந்தது. அங்கிருந்து வந்த 'சோக்கா' என்ற நிகழ்ச்சியில், கெமர் ரூஜ் காலத்து நினைவுகள் ஒரு பெண்ணைத் துரத்துகின்றன. சொந்த நாட்டுக் கதையைச் சொந்த உடம்பால் சொல்கிறார்கள். அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இதை நாடகமாகப் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் சர்க்கஸில் உயரம் நிஜம், தவறினால் விழும் அடியும் நிஜம். மூன்று பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நிற்பதை முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அடியில் நிற்பவனின் தொடை லேசாக உதறும். மேலே இருப்பவளின் கால்விரல்கள் பதிந்த இடத்தில் அவன் தோள் சிவந்திருக்கும். அவன் ஓர் அடி பிசகினால் மேலே இருக்கிற இரண்டு பேரும் கீழே. அடுத்தவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு நிற்பது எப்படி என்று வசனம் பேசிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அதற்காக, போர் என்று பெயர் வைத்த எல்லாவற்றையும் கும்பிடச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் குண்டுச் சத்தம், ஆளுக்கொரு கிழிசல் சட்டை, நடுவில் வழக்கமான அதே வித்தை. சட்டையைக் கழற்றினால் பழைய சர்க்கஸ்! அப்படிப்பட்டதைத் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைன் சர்க்கஸ் மாணவர்கள் பலர் புடாபெஸ்டில் அடைக்கலம் பெற்றுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அவர்கள் நாளைக்கே வெறும் கோமாளிக் கூத்து மட்டும் போட்டாலும், 'உங்கள் போர் எங்கே?' என்று கேட்க ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். அவருக்கும் இதே பதில்தான்: சொந்தக் கதையைச் சொல்லவும் சொல்லாமல் விடவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.