பதில்: புகைமூட்டத்தின்போதும் செயற்கைக்கோள் வரைபடம் சுத்தமாகத் தெரிவது ஏன்?

வணக்கம் ஐயா. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவே தெரியாத அளவுக்குப் புகைமூட்டம் சூழ்ந்து, காற்று மாசுக் குறியீடு 150-ஐத் தாண்டிய நாளில், காற்றிலுள்ள வாயுக்களை விண்ணிலிருந்து அளக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-5பி-இன் வரைபடம் மட்டும் நம் வட்டாரத்தைச் சுத்தமாகக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள்.

கோளாறு கருவியில் இல்லை. நீங்கள் பார்த்தது நைட்ரஜன் டை ஆக்சைடு வரைபடம். வாகனங்களும் மின்நிலையங்களும் வெளியிடும் அவ்வாயு பகலில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுவதால், சுமத்ராவில் எரியும் நிலங்களிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்துவரும் புகையை அதைக் கொண்டு அளக்க முடியாது. புகைமூட்டக் காலத்தில் நம் குறியீட்டை உயர்த்துவது பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகளே. ஆகவே, அதே செயற்கைக்கோளின் ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்கள்) வரைபடத்தையும், வாரக்கணக்கில் காற்றில் நிலைத்துப் புகையின் தடத்தைக் காட்டிக்கொடுக்கும் கார்பன் மோனாக்சைடு வரைபடத்தையும் திறந்து பாருங்கள்.

வெறுமையாக உள்ள கட்டங்களைச் சுத்தமான காற்று என்று கொள்ள வேண்டாம். பெரும்பாலும் மேகம் மறைத்ததால் நீக்கப்பட்டவை அவை. மேலும், 2017-இல் ஏவப்பட்ட இச்செயற்கைக்கோள் சூரிய நேரப்படி பிற்பகல் 1.30 அளவில்தான் நம்மைக் கடக்கிறது. மலேசியக் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவதால், நமக்கு அது ஏறக்குறைய மூன்று மணி. காலைப் புகையை அது காணாது. 2020-இல் தென்கொரியா விண்ணுக்கு அனுப்பிய ஜெம்ஸ் என்ற காற்று மாசு அளவைக் கருவியோ பகலில் மணிக்கொருமுறை அளக்கிறது.

எனினும், விண்ணிலிருந்து அளக்கப்படுவது தரையிலிருந்து மேல்வரையுள்ள மொத்தக் காற்றுத் தூண்; நாம் சுவாசிக்கும் தரைமட்டக் காற்று மட்டும் அன்று. தாயாரைக் காலை நடைக்கு அனுப்பலாமா என்ற உங்கள் கேள்விக்கு, சுற்றுச்சூழல் துறையின் தரைநிலைய அளவையே நம்புங்கள்.