எலி வளையானாலும் தனி வளை: உங்கள் ஹாம்ஸ்டருக்கு என்ன குறை?

கேள்வி: எங்களிடம் ஐந்து மாத ஆண் சிரியன் ஹாம்ஸ்டர் இருக்கிறது. வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறது. இரவு பதினோரு மணிக்குக் கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தால் விடியும்வரை ஓய்வதில்லை. கையை நீட்டினால் ஓடி ஒளிகிறது, இரண்டு முறை கடித்தும்விட்டது. கூண்டு இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். வாரம் ஒருமுறை முழுவதும் கழுவி, தரையில் படுக்கையாகப் புதுத் துகள் போடுகிறோம். “பாவம்பா, அதுக்குத் தனியா இருக்கப் பிடிக்கல. துணைக்கு இன்னொண்ணு வாங்கலாம்” என்கிறாள் பத்து வயது மகள். அது உண்மையிலேயே சோகமாக இருக்கிறதா? துணை வாங்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. வாங்காதீர்கள். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர்கள் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் சண்டை போடும். விளையாட்டுச் சண்டை அல்ல, ரத்தக் காயத்திலும் சில நேரம் சாவிலும் முடிகிற சண்டை. கூடப் பிறந்த குட்டிகளையே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. துருக்கி, சிரியா எல்லையோர வயல்களில் இவற்றின் வளைகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள், எந்த வளையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ந்த ஹாம்ஸ்டரைப் பார்க்கவில்லை. எலி வளையானாலும் தனி வளை என்ற நம் பழமொழி வேறு எந்தப் பிராணிக்கும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

உங்கள் மகள் கவனித்தது தப்பில்லை, காரணம்தான் வேறு. அதற்குக் குறை இருக்கிறது. ஆனால் துணையில்லாத குறை அல்ல, வளையில்லாத குறை.

‘சோகம்’ என்ற சொல்லை ஹாம்ஸ்டருக்குப் போட எனக்குத் தயக்கம் உண்டு. பயம், சலிப்பு, நிம்மதி என்று சொல்லத் தயக்கமில்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் இடத்தில் இனிப்புத் தண்ணீர், இன்னோர் இடத்தில் கசப்புத் தண்ணீர் என்று ஹாம்ஸ்டர்களைப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் குடிகுழாயை வைத்தார்கள். இனிப்பு இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தபோது, கூண்டில் கூடுதல் வசதிகளோடு இருந்தவை ‘நல்லதாகத்தான் இருக்கும்’ என்பதுபோல நெருங்கிப் போயின. வசதி குறைக்கப்பட்டவை அந்த அளவுக்குத் துணியவில்லை. வாழும் இடம் மனநிலையை மாற்றுகிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் பகல் தூக்கத்தை அடித்துவிடுங்கள். வீட்டு ஹாம்ஸ்டர் இரவில்தான் நடமாடும். மற்றவற்றை உடல்மொழியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நிம்மதியான ஹாம்ஸ்டர் எழுந்ததும் உடம்பை நீளமாக இழுத்து, எல்லாப் பல்லும் தெரியக் கொட்டாவி விடும். முதல்முறை பார்ப்பவர்கள் சீறுகிறது என்று பயப்படுவார்கள். அது நல்ல சகுனம். முகத்தில் தொடங்கி வயிறு, முதுகு, பின்கால் என்று சாவகாசமாக நக்கிச் சுத்தம் செய்துகொள்வதும் அப்படியே. அதுவே நீங்கள் தொட்ட மறுநொடி அவசர அவசரமாக முகத்தை மட்டும் தேய்த்தால் பதற்றம். தூங்கி எழுந்த காது சுருங்கியிருக்கும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். நன்றாக விழித்திருக்கும்போது காதைப் பின்னால் மடித்து, வயிற்றைத் தரையோடு ஒட்டி நகர்ந்தாலோ, ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றாலோ பயந்திருக்கிறது. மல்லாந்து விழுந்து பல்லைக் காட்டிக் கத்தினால் உச்சகட்டப் பயம். வயிற்றைச் சொறியச் சொல்கிறது என்று நினைத்துக் கையை நீட்டிவிடாதீர்கள்.

இப்போது அந்தக் கம்பி. பல்லைத் தேய்க்கக் கடிக்கிறது என்று கடைகளில் சொல்வார்கள். ஒருநாள் ஐந்து நிமிடம் கடித்தால் ஒப்புக்கொள்ளலாம். விடிய விடியக் கடிப்பது பல்லுக்காக அல்ல. ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகர ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர்களைப் பல அளவுக் கூண்டுகளில் வளர்த்துப் பார்த்ததில், சிறிய கூண்டில் இருந்தவைதான் அதிக நேரம் கம்பி கடித்தன. பெரிய கூண்டிலும் பழக்கம் முற்றாக நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே குழுவின் இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதில் மாற்றியது துகளின் ஆழத்தை: 10, 40, 80 சென்டிமீட்டர். பத்தில் இருந்தவை அதிகம் கடித்தன, நாற்பதில் குறைந்தது, எண்பதில் கடிக்கவே இல்லை. காட்டு ஹாம்ஸ்டரின் வளை சராசரியாக 65 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். இன்று வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-இல் அலெப்போ அருகே தோண்டிப் பிடிக்கப்பட்ட ஒரு தாயின் குட்டிகள் வழி வந்தவை. நூறு வருடம்கூட ஆகவில்லை. தோண்டும் கை அதற்குள் எங்கே மறக்கப்போகிறது?

உங்கள் கூண்டின் தரை சுமார் 2,300 சதுர சென்டிமீட்டர். ஜெர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்வது 100 × 50 சென்டிமீட்டர் தரை, 50 உயரம். அதில் பாதிகூட உங்களிடம் இல்லை. மாடி வைத்த கூண்டு வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இது ஏறும் பிராணி அல்ல, தோண்டும் பிராணி. உயரத்தைக் கணிக்கத் தெரியாமல் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும். கம்பிக் கூண்டுகளின் தட்டு ஆழமில்லாதது என்பதால் துகளும் நிற்காது. பழைய பெரிய மீன்தொட்டி, வலைமூடி போட்டது, இதற்கு அருமையாக உதவும். பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஜன்னல் வெட்டி வலை பதித்தாலும் சரி. ஒரு பக்கமாவது 30, முடிந்தால் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காகிதத் துகளைக் கொட்டி, நடுநடுவே காய்ந்த புல்லைப் பரப்பி, கையால் அழுத்திவிடுங்கள். அழுத்தாவிட்டால் சுரங்கம் சரிந்துவிடும். வாசனையுள்ள தேவதாரு (cedar), பைன் மரச் சீவல் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ‘மெத்தென்ற படுக்கை’ என்று விற்கும் பஞ்சு அதைவிட மோசம், காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். வெள்ளைக் கழிவறைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் போதும், அதுவே கூடு கட்டிக்கொள்ளும்.

கூண்டுக்குள் ஓடுவதற்குச் சக்கரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே வேண்டும். சிரியனுக்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டம், இடைவெளியில்லாத தரை. ஓடும்போது முதுகு வில்லாக வளைந்தால் சக்கரம் சிறியது என்று அர்த்தம். ‘சக்கரத்தில் ஓடுவதே பைத்தியத்தின் அறிகுறி’ என்று சிலர் சொல்வதுண்டு. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் திறந்த வெளியில் சக்கரம் வைத்துப் படம் பிடித்தபோது, யாரும் அடைத்து வைக்காத காட்டு எலிகளே தாமாக வந்து ஓடிவிட்டுப் போயின. உருளும் பிளாஸ்டிக் பந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குள் இருக்கும் ஹாம்ஸ்டருக்கு நிற்கவோ ஒளியவோ வழியில்லை.

உணவைக் கிண்ணத்தில் வைப்பதை விட்டுத் துகளில் தூவுங்கள், தேடித் தின்னட்டும். ஒரு மூலையில் அகலமான தட்டில் மணல் வையுங்கள். மணல்தான், மாவுபோல் பறக்கும் தூள் அல்ல.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். வாராந்தரக் கழுவல் உங்கள் ஹாம்ஸ்டரின் பதற்றத்துக்குப் பெரிய காரணமாக இருக்கக்கூடும். இதற்குக் கண்பார்வை மந்தம். வீட்டை அறிவது மூக்கால். விலாவில் உள்ள சுரப்பியால் சுவரெல்லாம் தடவித் தன் வாசனையை வைக்கிறது. ஏழு நாள் உழைத்து ‘இது என் இடம்’ என்று எழுதிய பலகையை எட்டாம் நாள் சோப்புப் போட்டு அழித்துவிடுகிறீர்கள். சேர்த்துவைத்த தானியமும் போய்விடுகிறது. இனிமேல் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அள்ளிப் போடுங்கள். பெரிய சுத்தம் தேவைப்படும்போதும் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, பழைய காய்ந்த துகளையும் கூட்டையும் விட்டுவையுங்கள். பதுக்கலில் அழுகும் காய் இருந்தால் எடுங்கள், தானியத்தில் கை வைக்காதீர்கள்.

கடிக்கிற விஷயம். கை மேலிருந்து வந்தால் பருந்து வந்ததாகத்தான் அதற்குப் படும். இடம் மாற்றிய முதல் வாரம் தொடவே வேண்டாம். பிறகு மாலையில், அது தானாக எழுந்த பின், சோப்பு வாசனையும் சாப்பாட்டு வாசனையும் இல்லாமல் கையைக் கழுவி, உள்ளங்கையைத் தரையில் வைத்துச் சும்மா இருங்கள். மோந்து பார்க்கும், ஓடும், திரும்ப வரும். கையில் ஒரு சூரியகாந்தி விதை இருக்கலாம். அது ஏறிய அன்றும் தூக்காதீர்கள். ஓடிப்போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் திரும்ப வரும். சில ஹாம்ஸ்டர்களுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு இரண்டு மாதம். கடைசிவரை கையில் உட்காரப் பிடிக்காதவையும் உண்டு, அதுவும் இயல்புதான். ஒரு எச்சரிக்கை: அது கம்பி கடிக்கும்போது போய் விதை கொடுத்து அமைதிப்படுத்தினால், கடித்தால் விதை வரும் என்று கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மனநிலை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. திடீரென்று கூனி உட்கார்ந்து, முடி சிலிர்த்து, கண் ஒட்டிக்கொண்டு இருந்தால் அது நோய். வால் பக்கம் ஈரமாகிப் பேதி கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய இந்த நோய், குறிப்பாகக் குட்டிகளை, இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் காதில் தொற்று இருக்கலாம். நீண்ட நாள் கம்பி கடித்ததால் முன்பற்கள் கோணியிருக்கின்றனவா, மூக்கின் மேல் முடி உதிர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

புது வீட்டுக்கு மாறிய பிறகு கம்பிச் சத்தத்துக்குப் பதில் சரசரவென்று தோண்டும் சத்தம் கேட்கும். பல நாள் அதைக் கண்ணிலேயே பார்க்க முடியாமலும் போகலாம். “ஒளிஞ்சுக்கிச்சு, இப்பத்தான் இன்னும் சோகமா இருக்கு” என்று மகள் வருத்தப்பட்டால், பதுங்குவதற்கும் குடியிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்கள். இரவில் வெளியே வருகிறதா, சக்கரம் நகர்ந்திருக்கிறதா, தூவிய தானியம் குறைந்திருக்கிறதா என்று காலையில் பார்க்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். கைக்குப் பழகியதும் வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் ஒரு குவளையோடு வைத்து எடை எழுதட்டும். ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.