கேள்வி பதில்: விண்வெளிப் படங்களில் எது நடக்கும், எது நடக்காது?

விண்வெளிப் படங்களைப் பார்த்துவிட்டு வன்னிப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு பெரியவர்களும் கேட்டவை இவை. பௌதிகவியல் படிப்பிக்கிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

மல்லாவி, உயர்தர மாணவி: சேர், ‘கிராவிட்டி’ படத்தில் ஹபிள் தொலைநோக்கியில் இருந்து, வாயுவை ஊதித் தள்ளும் முதுகுப்பொறியை இயக்கி விண்வெளி நிலையத்துக்குப் போகினம். அது ஏலுமா?

ஏலாது, பிள்ளை. 2013 இல் படம் வந்தபோது ஹபிள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில், நிலையம் 400 சொச்சத்தில். உயரம் பெரிய சங்கதி இல்லை, சிக்கல் சாய்வில்தான். ஹபிளின் பாதை மத்தியகோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்தது, நிலையத்தின் பாதை 51.6 பாகை. ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாற, செக்கனுக்கு 3 கி.மீ. அளவில் வேகமாற்றம் வேண்டும். நாசா 1984 இல் உண்மையாகவே பறக்கவிட்ட முதுகுப்பொறி, வாயு தீரும்வரை ஊதினாலும் செக்கனுக்கு 25 மீற்றர் மட்டில்தான் தரும்.

பெரிய விண்ணோடத்துக்கே அது முடியாத காரியம். 2003 இல் கொலம்பியா என்ற ஓடம் அழிந்த பிறகு, ஓடம் பழுதானால் வீரர்கள் நிலையத்தில் தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆனால் 2009 இல் ஹபிளைத் திருத்த அட்லாண்டிஸ் ஓடம் போனபோது அந்த வழி இல்லை. அதனால் மீட்புக்கென்று எண்டெவர் ஓடம் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது. இதை அறிந்தவருக்கு அந்தக் காட்சியில் மனம் ஒட்டாது.

மாங்குளம், கடை வைத்திருக்கும் அண்ணா: அதே படத்தில் நாயகியோடு கயிற்றில் பிணைந்திருக்கும் அந்த விண்வெளி வீரர் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சாகிறாரே, தேவையா?

தேவையே இல்லை, அண்ணா. கயிறு இறுகி இரண்டு பேரும் நின்றாயிற்று. அப்புறம் அவரை வெளியே இழுக்க அங்கே என்ன விசை? மெல்ல ஒரு சுண்டு சுண்டினால் ஆள் மிதந்து திரும்பி வந்திருப்பார். நம்மை அழவைக்க வேண்டும் என்பதற்காக வந்த விசை அது.

விசுவமடு, 10ஆம் ஆண்டு: தலைக்கவசம் கழன்றால் ஆள் வெடித்துப் போவாரா?

வெடிக்கமாட்டார். தோல் அவ்வளவு இலேசாகக் கிழியாது. 1966 இல் ஹூஸ்டனில் வெற்றிட அறைக்குள் ஜிம் லெபிளாங்க் என்பவர் உடையைச் சோதித்தபோது காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. 14 செக்கன் அளவில் மயங்கினார். மயங்குமுன் நாக்கில் எச்சில் கொதித்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. உடனே காற்றை உள்ளே விட்டார்கள், பிழைத்துக்கொண்டார். ஆர்தர் சி. கிளார்க் இணைந்து எழுதிய 1968ஆம் ஆண்டுப் படமான ‘2001’ இலும் நாயகன் கவசமில்லாமல் வெற்றிடத்தில் பாய்ந்து தப்புகிறான். அது சரி. ஆனால் மூச்சை அடக்குகிறான், அது பிழை. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

பரந்தன், தம்பி ஒருவர்: ‘த மார்ஷியன்’ படத்தில் செவ்வாயில் அடிக்கிற புயல் ரொக்கெட்டையே சாய்க்கப் பார்க்கிறதே, நடக்குமா?

செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் அடிக்கிற புயல், இங்கே 20 கி.மீ. காற்றைப் போலத்தான் உறைக்கும். சோளகம் தொடங்கினால் உங்கள் வயல்வெளியிலேயே அதைவிடக் கூட அடிக்கும். ரொக்கெட் சாயாது. கதாசிரியர் அன்டி வியர் தெரிந்தேதான் எழுதினார், அதை ஒத்துக்கொண்டும் இருக்கிறார். நாயகனைத் தனியே விட ஒரு சாட்டு வேண்டுமே! கதை தொடங்க ஒரு பொய் என்றால் எனக்குச் சம்மதம்.

முள்ளியவளை, ஆசிரியை: ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்தில் கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகத்தில் ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு வருடமாகிறதே, கப்சாவா?

கப்சா இல்லை, ரீச்சர். 2017 இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கிப் தோர்ன் கணக்குப் பார்த்த விஷயம். கருந்துளை உச்ச வேகத்தை ஒட்டிச் சுழன்றால் நடக்கும். எனக்குப் பொறுக்காதது வேறு. பூமியில் இருந்து கிளம்ப அடுக்கு ரொக்கெட் வேண்டியிருந்தது. ஈர்ப்பு 130 வீதம் என்று அவர்களே சொல்லும் அந்தக் கிரகத்தில் இருந்து அதே சின்னக் கலம் துணையில்லாமல் எழும்புகிறது! ஐன்ஸ்டைனை மதித்த படம், தான் முன்னுக்குக் காட்டிய ரொக்கெட்டை மறந்துவிட்டது.

புதுக்குடியிருப்பு, மாணவன்: விண்கல்லை அணுகுண்டால் உடைக்கலாமா?

உடைத்தால் துண்டுகள் அதே பாதையில் வரக்கூடும். தட்டித் திருப்புவது நல்லது. 2022 செப்டெம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், 160 மீற்றர் அளவான டிமோர்ஃபஸ் என்ற கல்லில் போய் மோதியது. பெரிய கல்லொன்றை டிமோர்ஃபஸ் சுற்றிவரும் நேரம் அரை மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தது. அடிபட்ட கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்க ஐரோப்பாவின் ஹேரா விண்கலம் 2024 ஒக்டோபரில் புறப்பட்டது.