கேட்டதும் கண்டதும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரிட்டனைச் சுற்றி வந்ததாகவும் அதற்கும் வடக்கே தூலே என்ற நாடு இருப்பதாகவும் எழுதிய பித்தியாஸ் என்ற கிரேக்கரை, பண்டைய அறிஞர்களே பொய்யர் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் அவரை நம்ப வேண்டும்?

பதில்: நான் நம்புகிறேன், முழு மனத்துடன்.

பித்தியாஸ் இன்றைய மார்செய் நகரமான மசாலியாவைச் சேர்ந்தவர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகடலுக்குப் போனார். அவர் எழுதிய 'கடலைப் பற்றி' என்ற நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்துச் சொன்ன துண்டுகள்தாம் எஞ்சியுள்ளன. அவற்றில் பலவற்றைத் தந்தவர் பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ, அதாவது அவரைப் பொய்யர் என்றவரே. வரலாற்றாசிரியர் பொலிபியஸோ, தனி ஆளாக, அதுவும் ஏழையாக இருந்த ஒருவர் அவ்வளவு தூரம் எப்படிப் போயிருக்க முடியும் என்று கேட்டார். ஏழை என்பது ஒரு வாதமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த ஏழை செய்த வேலையைப் பாருங்கள். கோடைக்காலத்தின் மிக நீண்ட பகலில், நண்பகலில், மசாலியாவில் ஒரு கோலை நட்டு நிழலை அளந்தார். கோலின் உயரம் 120 பங்கு என்றால் நிழல் 42 பங்குக்குச் சற்றே குறைவு. அந்த எண்களை வைத்து நானே தாளில் கணக்குப் போட்டேன். அட்சரேகை ஏறக்குறைய 43 பாகை வந்தது. மார்செய் இருப்பது 43.3 பாகையில்! கடல் நீரின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சந்திரன் என்று சொன்னவரும் இவரே. இப்படி அளந்து பழகிய கை, கதை கட்டுமா?

அதைவிட என்னை நம்ப வைத்தது ஒரு சின்னச் செய்தி. குளிர்ப் பிரதேசத்து மக்கள் கதிர்களைப் பெரிய கட்டடங்களுக்குள் கொண்டுபோய் அடிக்கிறார்கள் என்றார். வெயில் சரியாக இல்லை, மழை ஓயாது, திறந்த களம் உதவாது. பொய் சொல்பவன் கதையில் ராட்சதன் வருவான்; நெற்றிப்பொட்டில் ஒற்றைக்கண் வரும். கதிரடிக்கும் களம் வராது.

தூலே எது? பிரிட்டனிலிருந்து வடக்கே 6 நாள் கடல்வழி என்றார். ஐஸ்லாந்து என்பாரும் உண்டு. இரவு 2 அல்லது 3 மணி நேரமே நீடிக்கும் இடங்களில், சூரியன் உறங்கும் இடத்தை அங்குள்ளவர்கள் காட்டினார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஐஸ்லாந்தில் அன்று காட்டுவதற்கு ஆளே கிடையாது. ஆகவே என் மனம் நார்வே கரைப்பக்கமே சாய்கிறது.

கேள்வி: அவர் சொன்ன 'கடல் நுரையீரல்' என்ன?

பதில்: தூலேக்கு அப்பால் நிலம், நீர், காற்று மூன்றும் கலந்த, நடக்கவும் முடியாத, கப்பலும் போகாத ஒன்று இருப்பதாக எழுதினார். கிரேக்கர் ஜெல்லிமீனையும் 'கடல் நுரையீரல்' என்றே அழைத்தார்கள். உறையத் தொடங்கும் கடலில் வட்ட வட்டமாகப் பனித்தட்டுகள் அலையோடு ஏறி இறங்குவதைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. நுரையீரல் போன்ற அந்தப் பொருளைத் தாமே கண்டதாகவும், மற்றவற்றைக் கேட்டு எழுதியதாகவும் அவர் பிரித்துச் சொன்னார். இதை நமக்குச் சொல்வதும் ஸ்ட்ராபோதான்.

கேள்வி: இவருக்கு முன்பு கிரேக்கர் யாரும் மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலான ஜிப்ரால்டரைத் தாண்டவில்லையா?

பதில்: தாண்டினார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சாமோஸ் தீவின் கொலாயஸ் எகிப்துக்குப் புறப்பட்டு, கீழைக்காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, ஸ்பெயினின் தார்த்தெசஸை அடைந்தார். அதுவரை கிரேக்க வணிகர் யாரும் தொடாத சந்தை; லாபம் கொட்டியது. அதில் பத்தில் ஒரு பங்கான 6 தாலந்தை (தாலந்து கிரேக்கரின் பண அளவு) கொண்டு, விளிம்பைச் சுற்றிக் கழுகுமுக விலங்குகளின் தலைகள் நீட்டிய ஒரு வெண்கலக் கொப்பரையைச் செய்து ஹேரா தேவியின் கோயிலுக்குக் கொடுத்தார்கள். மண்டியிட்ட 3 வெண்கல உருவங்கள் அதைத் தாங்கின. ஒவ்வொன்றும் 7 முழ உயரம் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.